மூன்றாம் வரிசை, யன்னலோரம்

பழைய மாணவர் மலருக்கு மலர்க்குழுவினர் கல்லூரி நினைவு ஒன்று கேட்டபோது கிரிக்கெட் போட்டியைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நான் ஒருநாளும் அணியில் இருந்ததில்லை என்று மனைவி நினைவுபடுத்தினார். சரி, அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். அவர் நம் கல்லூரி மாணவி அல்லர். ஆனால் நம் கல்லூரி வாங்கில் இரண்டு வருடம் இருந்து படித்தவர்.

1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்தது. சனத்தோடு பள்ளிக்கூடங்களும் இடம்பெயர்ந்தன. அப்படி வந்த ஒரு கலவன் பாடசாலைக்கு நம் கல்லூரி இடம் கொடுத்தது. காலையில் நாங்கள், மத்தியானத்துக்குப் பிறகு அவர்கள். எங்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேசையில் கீறல் விழுந்தாலும், வெண்கட்டி காணாமல் போனாலும், பழி பின்னேரப் பள்ளிக்கூடத்தின் மேல்தான். வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் என்ற யோசனை எங்களுக்கு அந்த வயதில் வரவில்லை.

குடாநாட்டில் அப்போது கரண்ட் இல்லை. பற்றரியும் சவர்க்காரமும் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த சிக்கன விளக்கில்தான் உயர்தரப் படிப்பு. கொப்பி கிடைப்பதும் பெரும் பாடு. பயிற்சிக் கணக்குகளைப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் செய்வேன். அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதலாம் அல்லவா?

1992இல் ஒருநாள் அப்படி ஒரு தாளை மேசைத் தட்டுக்குள் மறந்து விட்டுப் போய்விட்டேன். பரமங்கனேற்றும் இரும்பும் தாக்கம் புரியும் சமன்பாடு அது. அடுத்த நாள் காலை பார்த்தால், என் இரும்புக்கு முன்னால் அழகான கையெழுத்தில் ஒரு ‘5’. கீழே, “அணுக்கள் சமப்பட்டால் போதாது, ஏற்றமும் சமப்பட வேண்டும்.” கோபம் வந்தது. இருந்து கூட்டிப் பார்த்தேன். ஐந்துதான் சரி.

“நன்றி மச்சான். நீ ஆர்?” என்று எழுதி அதே இடத்தில் வைத்தேன். இவ்வளவு இரசாயனம் தெரிந்தவன் ஒரு பெடியனாகத்தான் இருப்பான் என்று நினைத்த மடையன் நான். மறுநாள் பதில் வந்தது: “மச்சான் இல்லை.” அதற்குக் கீழே ஏதோ ஒரு சொல் எழுதி அழிக்கப்பட்டிருந்தது. தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘மச்சாள்’ என்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நான் ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனேன். நாலு மாதம் முகம் தெரியாது. தாள் மட்டும் போய் வந்தது. காதல் வசனம் ஒன்றும் இல்லை. நான் கணக்கு வைப்பேன், அவர் திருத்துவார். சிலவேளை வேண்டுமென்றே பிழையாகச் செய்தும் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

முகத்தைக் கண்டது பங்கருக்குள். எங்கள் பாடசாலை விட்டு, அவர்களுடையது தொடங்கும் நேரம் பொம்பர் வந்தது. ஓடாமல் கிடந்த ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி மூடிய பங்கர் அது. இரண்டு பள்ளிக்கூடமும் ஒன்றாக உள்ளே இறங்கியது. எனக்கு எதிரே இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை, கையில் என் கலண்டர் தாள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்து சத்தம் அடங்கியதும், “அது என்ர தாள்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இண்டைக்கும் பிழைதான் விட்டிருக்கிறீங்கள்” என்றார். பக்கத்தில் இருந்த என் கூட்டாளிகள் சிரித்த சிரிப்பு, பொம்பர்காரனுக்கே கேட்டிருக்கும்.

இரண்டு வீட்டிலும் பிறகு நடந்ததை மலரில் போட முடியாது. ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டதை வாசிப்பவர்கள் பலரும் நடந்தே அறிந்திருப்பீர்கள். அந்த மழையில், நாவற்குழிப் பாலத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி விடியும் வரை நின்றேன். அவ்வளவு சனத்தில் இரட்டைப் பின்னலைத் தேடியது எவ்வளவு விசர்த்தனம் என்று இப்போது தெரிகிறது. மூன்றாம் நாள் கொடிகாமத்தில், அகதிகள் நிறைந்த ஒரு பாடசாலையில் கண்டேன். வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டி, தாயாரோடு உள்ளே இருந்தார். “திரும்பவும் வாங்குதான்” என்றார். அழுதுவிட்டுத்தான் சொன்னார்.

1998இல் கலியாணம். அப்புறம் கனடாவில் ஸ்காபரோ, பிள்ளைகள், பனி, வீட்டுக்கடன். அதெல்லாம் உங்கள் எல்லோருடைய கதையும்தான்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய அடுத்த வருடம், 2015இல், யாழ்தேவியில் போய் இறங்கினோம். கல்லூரிக்கும் போனோம். மூன்றாம் வரிசை, யன்னலோரம். மேசை புதிது. இவர் குனிந்து தட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு மிட்டாய்ப் பேப்பர் இருந்தது.

அந்தக் கலண்டர் தாள் இப்போது இல்லை. வீட்டு அலுமாரியில் வைத்தபடி விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. ஆதாரம் இல்லாத துணிவில், தான் அழித்தது பிழையாக எழுதிய ஓர் எண்ணைத்தான் என்று மனைவி இன்றுவரை சாதிக்கிறார். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, அதையும் மறக்காமல் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். ஆனால் அது ‘மச்சாள்’தான்.