படை திரும்பும் முன் பேசி முடியுங்கள்

லெபனானில் ஐ.நா. அமைதிப்படையின் பணி 2026 டிசம்பர் 31 வரைதான். பிறகு ஓராண்டுக்குள் படைகள் வெளியேற வேண்டும். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றம் எடுத்த முடிவு இது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்காவின் மகன் அங்கே பணியாற்றி வந்தவன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடந்து போகும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அக்கா கேட்டார்: "தம்பி, இவர்களும் வந்துவிட்டால் அந்த ஊர்ச் சனங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. 2006 போருக்குப் பிறகு, தூதரக உறவே இல்லாத லெபனான், இஸ்ரேல் இராணுவ அதிகாரிகளை தெற்கு லெபனானின் நகூராவில் ஒன்றாக உட்கார வைத்தது இந்தப் படைதான். எல்லைக்கோட்டைக் காட்டும் நீலப் பீப்பாயை எந்த இடத்தில் வைப்பது என்பதைக்கூட அங்கே பேச வேண்டியிருந்தது. இனி அந்த வேலையை யார் செய்வது?

பாதுகாப்பு மன்றத்தில் வாக்களிப்பவை பதினைந்து நாடுகள். ஆள் அனுப்புபவை வேறு, பெரும்பணம் கொடுப்பவை வேறு. கண்ணிவெடி அகற்றுவதையும் பள்ளிகளையும் குடிநீர்க் குழாய்களையும் சீரமைப்பதையும் இவர்கள் ஒன்றுகூடி, படை கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா இதை ஓங்கிச் சொல்ல வேண்டும். 1960இலேயே காங்கோவுக்குப் படை அனுப்பிய நாடு நாம். 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கப் போனபோது நம் வீரர் ஒருவர் உயிரையே கொடுத்தார். கேட்கும் உரிமை நமக்கு நிறையவே இருக்கிறது.