சாட்பாட் சொன்னதற்கு யார் பொறுப்பு?

2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தீர்ப்பாயம் தந்த தீர்ப்பை, டேட்டா துறையில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாட்டி இறந்துவிட்ட துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்தவரிடம், டிக்கெட் எடுத்த 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் கட்டணச் சலுகை உண்டு என்றது ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது இணையதளத்தில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள். அதே இணையதளத்தின் இன்னொரு பக்கத்திலோ, பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்று இருந்தது. சாட்பாட் செய்ததற்கு சாட்பாட்டே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று.

சாட்பாட்டுக்கு எந்த ஏஐ மாடலை வாங்குவது என்பதெல்லாம் சரி. ஆனால் நிறுவனத்தின் எந்த விதி இன்று செல்லும், அதைத் திருத்தும் உரிமை யாருக்கு, பழைய விதிகளைச் சொல்லும் காலாவதியான பிடிஎஃப்கள் எங்கெல்லாம் கிடக்கின்றன என்று பார்ப்பதுதான் இனி பெரிய வேலை. அதற்குத் தனியாக ஆளும் பட்ஜெட்டும் இப்போதே ஒதுக்குங்கள்.