ஓடாது என்று ஒதுக்கிய இரண்டு கால்குலேட்டர்கள்: திறந்து சரிசெய்து பார்த்தது

மேசையில் இருந்தவை இரண்டு. முதலாவது கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ். சோலார் பட்டை வெளியே, எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று உள்ளே. இரண்டாவது, ஒற்றைப் பென்சில் பேட்டரியில் ஓடும் பழைய சயின்டிஃபிக் ரகம். மேலே இருந்த பெயர் தேய்ந்து போயிருந்தது. இந்தப் பொருள்களில் சிப் கெடுவது மிக அபூர்வம். கெடுவதெல்லாம் தொடுபுள்ளிகள்தான். அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

991-இன் மேல் இருந்த புகார்: மெமரியில் போட்டது நிற்பதில்லை, சைன் விடை தப்பாக வருகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். சோலார் பட்டையைக் கட்டைவிரலால் முழுக்க மூடியதும் திரை மங்கி அணைந்துவிட்டது. செல் தீர்ந்து எத்தனை மாதம் ஆனதோ, வெளிச்சத்தில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உறைக்குள் போட்டவுடன் மெமரி போய்விடும். விடை தப்பியதற்குச் செல் காரணமில்லை. சைன் 30 என்று போட்டால் -0.988031624 வந்தது, திரையின் மேல் வரிசையில் சின்னதாக ஆர் எழுத்து, அதாவது கோணத்தை டிகிரியில் எடுக்காமல் ரேடியன் என்ற வேறு அலகில் எடுக்கிறது. டிகிரியில் 0.5 வர வேண்டும். 0.4539905 வந்தால் ஜி, கிரேடியன் என்ற மூன்றாவது அலகு. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்தால், 'மெஷின் போச்சு' என்று வருகிற பாதிப் புகார் அங்கேயே தீரும்.

பின்மூடியைத் திறக்கும்போது ஸ்க்ரூக்களை ஒரு தாளில் அவை இருந்த இடத்திலேயே படம் போட்டுக் குத்தி வைத்தது உதவியது. ஸ்க்ரூவைக் கழற்றினாலும் ஓரக் கொக்கிகள் பிடித்திருக்கும். பழைய ஏடிஎம் கார்டின் முனையைச் செருகி மெல்ல நகர்த்தினால் விடும். பழைய செல் மல்டிமீட்டரில் 0.9 வோல்ட். அதற்குப் பதில் எஸ்ஆர்44 போட்டோம். அளவு ஒன்றேதான், 11.6 மி.மீ விட்டம், 5.4 மி.மீ உயரம். இது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய அப்படியே தரும், கசிவதும் குறைவு. கூடுதல் விலை கொடுக்கலாம். பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மாற்றி முடித்ததும் ஷிஃப்ட், சிஎல்ஆர், 3, சமக்குறி என்று அழுத்த, எல்லாம் அழிந்து டிகிரிக்குத் திரும்பிவிட்டது.

திறந்த கையோடு விசைகளையும் பார்த்தோம். 7-ம் சமக்குறியும் அழுத்தி அழுத்திக் குத்தினால்தான் பதிந்தன. ரப்பர் விரிப்பின் அடியில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு கரிப்பொட்டு இருக்கும். அது சர்க்கிட் போர்டில் உள்ள இரண்டு கரிக்கோடுகளை இணைக்கிறது. விரிப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி நிழலில் காயவிட்டு, பொட்டுகளை வெள்ளைத் தாளில் இரண்டு முறை தேய்த்தோம். போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தது போதும். உப்புத்தாளோ பிளேடோ வேண்டாம். கரிக்கோடு மெல்லிய அச்சு, ஒருமுறை போனால் போனதுதான். பென்சில் கரி பூசுகிற வழியும் சரிப்படாது. சில நாளில் உதிர்ந்து, அந்தப் பொடியே பக்கத்துக் கோடுகளை இணைத்துவிடும். ஆல்கஹாலைத் திரைக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலில் படவிடாதீர்கள், மயிரிழை விரிசல் விழும்.

மூடும்போது ஒரு சின்ன விஷயம். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் 'டக்' என்று சற்றே கீழிறங்கும். அதுதான் பழைய மரையின் வாய்; அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது.

இரண்டாவதில் வேலை அதிகம். பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்கப் பச்சைப் பூத்திருந்தது. கசிவு என்றதும் வினிகர் ஊற்றுவது பலரின் பழக்கம். அது ஆல்கலைன் பேட்டரிக்குத்தான் பொருந்தும், அதன் கசிவு காரம். இதில் இருந்தது சாதாரண ஜிங்க்-கார்பன். நனைத்த லிட்மஸ் தாளை வைத்ததும் சிவந்தது, அமிலம். எனவே ஆப்ப சோடாவைச் சில சொட்டு நீரில் குழைத்துப் பூசி, நுரை அடங்கியபின் ஈரத் துணியால் துடைத்து, கடைசியில் ஆல்கஹால். ஆல்கலைனாக இருந்திருந்தால் எலுமிச்சைச் சாறு.

புது பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை. ஸ்பிரிங்கில் 1.5 வோல்ட், போர்டில் பூஜ்ஜியம். ஸ்பிரிங்கிலிருந்து போகும் கறுப்பு ஒயரை உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தது. கசிவு ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போகும் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து செ.மீ புது ஒயர் பற்றவைத்ததும் திரை வந்தது.

வந்த திரையை உடனே நம்பவில்லை. 12345679-ஐ 72-ஆல் பெருக்கினால் 888888888. ஒன்பது இலக்கத்திலும் எல்லாக் கோடுகளும் எரிய வேண்டும். மூன்றாவது இலக்கம் 6 ஆகத் தெரிந்தது. வலது மேல் கோடு இல்லை. சிப் சரியாகவே கணக்குப் போடுகிறது, கண் தப்பாகப் படிக்கிறது. எச்சரிக்கையே இல்லாத பிழை இது. தேர்வுக்குப் போகுமுன் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

திரையையும் போர்டையும் இணைக்கும் ரிப்பனை விரலால் அழுத்தியதும் கோடு திரும்பியது, ஆக ஒட்டு விட்டிருக்கிறது. மேலே மடித்த தாள் வைத்து, 180 டிகிரியில் வைத்த சால்டரிங் அயர்னின் தட்டை முனையால் போர்டுப் பக்க ஒட்டை மட்டும் ஐந்து விநாடி அழுத்தினோம். கண்ணாடிப் பக்கம் சூடு போனால் எண்களைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் படலமான போலரைசர் பாழ். ரிப்பனை இழுக்கவோ, ஆல்கஹாலால் துடைக்கவோ கூடாது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில், 69 ஃபேக்டோரியல் 1.711224524×10^98 என்று வந்தது, 70-க்கு எரர். அதுதான் சரி, 10^100-ஐத் தாண்டுகிறதே. 991-இல் 1÷2π என்று போட்டால் 0.159154943. பெருக்கல் குறி இல்லாத 2π-ஐ அது முதலில் சேர்த்துக்கொள்கிறது. 1÷2×π என்றால் 1.570796327. சூத்திரத்தைப் பார்த்து அப்படியே தட்டுகிறவர்கள் இடறும் இடம் இது. பின்னத்தின் கீழே வருவதை முழுதும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் எந்த மாடலிலும் சிக்கல் இல்லை.

பத்து நாள் கழித்து: 991 உறைக்குள் இருந்தும் மெமரியை விடவில்லை. மற்றதில் அந்த மூன்றாம் இலக்கக் கோடு சில காலைகளில் லேசாக மங்குகிறது. ரிப்பன் மேல் ஒரு மி.மீ நுரைப் பட்டை வைத்து மூடி, பின்மூடியின் அழுத்தம் அதன்மேல் விழும்படி செய்வது அடுத்த வேலை.