ஸ்னீக் அட்டாக்கில் கை வைக்காதீர்கள்

டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற டைஸ் உருட்டும் கதை விளையாட்டில், கேம்பெயின் (வாராவாரம் தொடரும் கதை) ஐந்தாவது லெவலைத் தொட்டதும் இந்தப் பஞ்சாயத்து வந்துவிடுகிறது. ரோக் (திருடன் மாதிரி தந்திரக்காரப் பாத்திரம்) ரொம்ப அடிக்கிறான், ஸ்னீக் அட்டாக்கை, அதாவது சாதகமான நிலையில் அவன் அடியோடு சேரும் கூடுதல் டைஸை, குறைக்கணும் என்று மற்ற ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) என்ற முறையில் என் பதில்: முடியாது.

முதலில் கணக்கு. 2014 விதிகள்படி ஐந்தாவது லெவல் ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் 3டி6 (மூன்று ஆறுமுக டைஸ்), சராசரி 10.5. ரேப்பியர் வாளின் டைஸ் 4.5, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 என்றால் கூட 4, மொத்தம் 19. அதே லெவலில் ஸ்ட்ரெங்த் (பலம்) 18 உள்ள ஃபைட்டர், அதாவது போர்வீரர், கிரேட்ஸ்வோர்டை இரண்டு முறை வீசுகிறார், இரண்டும் பட்டால் 22. அதுவும் அவருக்கு ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறது, ரோக்குக்குத் தவறினால் அந்த டர்ன் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு புலம்பல்? சத்தம்தான். எங்கள் வேளச்சேரி வீட்டில் டைஸ் சோஃபாவுக்கு அடியில் ஓடாமலிருக்க எவர்சில்வர் தாம்பாளத்தில் போடுவோம், ஃபைட்டரின் அடி இரண்டு தவணையாக விழுகிறது, ரோக்கின் நான்கு டைஸும் ஒரே கையிலிருந்து சடசடவென்று கொட்டுகின்றன. கிரிட்டிக்கல் (20 விழுந்து டைஸ் இரட்டிப்பாவது) விழுந்தால் எட்டு. மற்றவர்களுக்கு அதுதான் ஞாபகத்தில் நிற்கும், முந்தைய இரண்டு டர்ன் அவன் சும்மா தவறவிட்டது நிற்காது.

சில டிஎம்கள் ஒளிந்திருந்தோ பின்னாலிருந்தோ குத்தினால்தான் செல்லும் என்கிறார்கள். அது பழைய பதிப்புகளில் இருந்த திருடன் கிளாஸின் பேக்ஸ்டாப் (முதுகில் குத்து) பழக்கம். இப்போதைய விதிக்கு எதிரியிடமிருந்து ஐந்து அடிக்குள் நம்ம ஆள் ஒருவர் நின்றாலே போதும், டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டும் இருக்கக்கூடாது. இதைப் பிடுங்கினால் ரோக்கிடம் மிச்சம் ஒரு ரேப்பியர்தான்.

உண்மையான ஓட்டை ஒன்று உண்டு: விதி சொல்வது டர்னுக்கு ஒரு முறை, ரவுண்டுக்கு (எல்லாருக்கும் ஒரு டர்ன் முடிவது) ஒரு முறை இல்லை. எதிரி விலகி ஓடும்போது ஆப்பர்சூனிட்டி அட்டாக் கிடைத்தால், அது எதிரியின் டர்ன் என்பதால் மறுபடியும் ஸ்னீக் அட்டாக். பேட்டில் மாஸ்டர் வகை ஃபைட்டர் தன் ஒரு அடியை விட்டுக்கொடுத்து ரோக்கை அடிக்கச் சொன்னாலும் இதே கதைதான். நான் இதை விட்டுவிடுகிறேன். அதற்கு ரவுண்டுக்கு ஒன்றே கிடைக்கும் ரியாக்‌ஷன் செலவாகிறது, அப்புறம் வரும் அடியைப் பாதியாக்கும் அன்கேன்னி டாட்ஜ் அந்த ரவுண்டில் கிடையாது. இரண்டு பேர் பேசிவைத்து ஆடுவதைத் தண்டிப்பானேன்?

கட்டுப்படுத்தியே ஆகணும் என்றால் எதிரிகளை மாற்றுங்கள். வில்லாளிகள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் தள்ளித் தள்ளி நிற்கட்டும். தலைவன் ஒரு டர்ன் டாட்ஜ் (அடிக்காமல் தற்காப்பு மட்டும்) எடுத்தால் டிஸ்அட்வான்டேஜ் வந்து ஸ்னீக் அட்டாக் அடிபட்டுப்போகும். ஒவ்வொரு சண்டையிலும் இதைச் செய்தால் ரோக் ஆடுபவர் அடுத்த வாரம் வரமாட்டார், அது வேறு விஷயம்.

2024-இல் வந்த புதிய விதிப் புத்தகத்திலும் டைஸைக் குறைக்கவில்லை. ஐந்தாவது லெவலிலிருந்து ஒரு டி6-ஐ விட்டுக்கொடுத்து எதிரியைத் தடுக்கி விழவைக்கலாம், விஷம் ஏற்றலாம் என்று வழி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ரோக் இப்போது பாதி நேரம் தடுக்கித்தான் விடுகிறான், விழுந்தவனை அட்வான்டேஜோடு (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்து) வெட்டுவது யார் என்று நினைக்கிறீர்கள்? புலம்பிய அதே ஃபைட்டர்.