ஓரம் தாண்டிய சமன்பாடு

நண்பரின் ஆய்வேட்டில் ஒரு சமன்பாடு வலது ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தது. கடைசி இரண்டு உறுப்புகளைக் காணோம்.

ஆய்வேடு டெக்கில் எழுதியது. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1978இல் தந்த இந்த அச்சுக்கோப்பு மென்பொருள், பத்தியின் வரிகளைத் தானே அழகாக மடிக்கும். தனி வரியில் நிற்கும் சமன்பாட்டை மட்டும் தொடாது. எங்கே உடைப்பது என்று எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

கூட்டல் குறிக்கு முன்னால் உடைத்தோம். அடுத்த வரி கூட்டலில் தொடங்கினால், மேலே உள்ளதன் தொடர்ச்சி என்று பார்த்ததுமே புரியும். பத்திக்குள் வரும் சூத்திரம் என்றால் நேர்மாறு. டெக் அங்கே குறிக்குப் பின்னால்தான் உடைக்கும்.

பெரிய அடைப்புக்குறிக்கு நடுவே உடைப்பதுதான் தலைவலி. அடைப்பைத் திறக்க லெஃப்ட், மூட ரைட் என்று இரண்டு கட்டளைகள்; உள்ளே இருப்பதற்கு ஏற்ப உயரத்தை டெக்கே கணிக்கும். லெஃப்ட் ஒரு வரியில், ரைட் அடுத்த வரியில் என்றால் பிழை. ஒவ்வொரு வரியிலும் விடுபட்ட ஜோடிக்குப் பதிலாக, அச்சில் தெரியாத அடைப்பைக் குறிக்கும் வெற்றுப் புள்ளி வைத்து ஏமாற்றலாம்தான். ஆனால் திறக்கும் அடைப்பு நெட்டையாகவும் மூடுவது குட்டையாகவும் வந்து நிற்கலாம்.

அடைப்பின் அளவை நாமே சொல்லிவிடுவது மேல்.