கப்பிங், குவாஷா, ஊசி: சின்சே கிட்ட போனா என்னதான் நடக்குது?

சிங்கப்பூர்ல இருக்கேன்னு தெரிஞ்சாலே ஊர்ல இருந்து ரெண்டு விஷயம் வரும், ஒண்ணு கோடாலித் தைலம் வாங்கிட்டு வா, இன்னொண்ணு "ஏன்டா, அந்த சீன வைத்தியம் நெசமாவே கேக்குதா, முட்டிவலிக்கு போலாமா?" சித்தப்பா இதை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுக்கிட்டே இருக்கார். ஆமான்னு சொன்னா அவரு சுகர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுருவார், இல்லைன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிரும். குரூப்ல டைப் பண்ணி மாளாது, அதான் இங்க எழுதுறேன்.

லேப்டாப் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு எனக்கு கழுத்துல இருந்து தோள்பட்டை வரைக்கும் இறுகிக் கெடக்கும், அதுக்காக நம்ம பிளாக் கீழ இருக்குற சின்சே, அதாவது சீன வைத்தியர் கிட்ட அப்பப்ப போவேன். இங்க சின்சேன்னா சும்மா போர்டு மாட்டிக்க முடியாது, 2000ல சட்டம் போட்டு பதிவு பண்ணினவங்க மட்டும்தான் பாக்கலாம்னு ஆக்கிட்டாங்க. 1867ல ஆரம்பிச்ச தோங் சாய்னு ஒரு தர்ம வைத்தியசாலை இருக்கு, சீனர், மலாய், நம்ம ஆளுங்கன்னு பாக்காம எல்லாருக்கும் இலவசமா பாக்குறாங்க.

உள்ள போனதும் மணிக்கட்டுல மூணு விரல வச்சு நாடி பாப்பாங்க, நாக்க நீட்டச் சொல்வாங்க, தூக்கம் வருதா, வயிறு சரியா போகுதான்னு கேப்பாங்க. அப்புறம் "பாடி டூ ஹீட்டி, டோன்ட் ஈட் டூரியான்"னு ஒரு தீர்ப்பு. எங்க அப்பத்தாவும் பலாப்பழத்துக்கு இதையேதான் சொல்லும்.

கப்பிங்தான் பாக்க பயங்கரமா இருக்கும். இடுக்கில பஞ்சைப் புடிச்சு ஆல்கஹால்ல நனைச்சு பத்த வச்சு, கண்ணாடிக் கப்புக்குள்ள ஒரு செகண்டு விட்டு எடுத்துட்டு, டப்புன்னு முதுகுல கவுத்துருவாங்க. நெருப்பு நம்ம மேல படவே படாது. சூட்டுல கப்புக்குள்ள இருக்குற காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிரும், முதுகுல ஒட்டினதும் மிச்சக் காத்து ஆறி அழுத்தம் குறையுது, அவ்வளவுதான், தோலு பூரி மாதிரி உள்ள உப்பி ஏறும். அஞ்சு பத்து நிமிஷம் அப்படியே விடுவாங்க, இழுக்குறது நல்லாவே தெரியும், ஆனா ஒரு மாதிரி சுகமான வலி. எடுத்தா வட்ட வட்டமா செவப்பு, சில இடத்துல நாவப்பழக் கலரு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோள்ல பாத்தோமே, அதே வட்டம்தான்.

இந்தக் கலரைக் காட்டித்தான் "பாரு, எவ்ளோ நச்சு வெளிய வருது"ன்னு சொல்றாங்க, இத மட்டும் நம்பாதீங்க. தோலுக்கு அடியில இருக்குற பொடி ரத்தக்குழாய் ஒடைஞ்சு கசிஞ்ச நம்ம சொந்த ரத்தம் அது. எவ்ளோ நேரம் வச்சாங்க, எவ்ளோ இழுத்துச்சுங்குறதப் பொறுத்து கலர் மாறும், ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பே அத உறிஞ்சிக்கும். ஆனா அன்னிக்கி ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியுதே, அதுவும் உண்மைதான்.

குவாஷான்னா சுரண்டுறது. எண்ணெய் தடவி, கொம்புல செஞ்ச தகடோ பீங்கான் ஸ்பூனோ வச்சு முதுகை வழிச்சு வழிச்சு விடுவாங்க, கோடு கோடா செவந்துரும். எங்க ஆபீஸ்ல ஒரு இந்தோனேசிய அக்கா இருக்காங்க, அவங்க ஊர்ல இதையே காசை வச்சு தைலம் போட்டு செய்வாங்களாம், உடம்புக்குள்ள காத்து பூந்துருச்சுன்னு காரணம் சொல்வாங்க, நம்ம வாயு புடிச்சிருச்சு கதைதான். வியட்நாம்லயும் இருக்கு, அங்க இருந்து அமெரிக்கா போன குடும்பங்கள்ல புள்ளைங்க முதுகுல இந்தக் கோட்டைப் பாத்துட்டு, அடிச்சிருக்காங்களோன்னு டாக்டருங்க சந்தேகப்பட்ட கூத்தெல்லாம் நடந்திருக்கு. 2007ல ஒரு சின்ன ஆய்வுல சுரண்டின எடத்துல தோலோட ரத்த ஓட்டம் முதல் ஏழரை நிமிஷத்துக்கு நாலு மடங்கு கூடினதா அளந்தாங்க. வெறும் பதினோரு பேர வச்சு செஞ்சது, அதனால பெருசா கூவ வேணாம்.

அடுத்து ஊசி, அதாவது அக்குபஞ்சர். இன்ஜெக்‌ஷன் ஊசி மாதிரி மொத்தமா இருக்காது, ரொம்ப சன்னம், போறதே சரியா தெரியாது. உள்ள போனப்புறம் லேசா திருகுவாங்க, அப்ப கனமா, மந்தமா ஒரு வலி பரவும், அது வந்தாத்தான் சின்சே தலையாட்டுவார். ஜப்பான்காரங்க ஊசிய ஒரு சின்னக் குழாய்க்குள்ள விட்டு தட்டுவாங்க. அதக் கண்டுபுடிச்சதா சொல்றது சுகியாமா வாயிச்சின்னு 17ஆம் நூற்றாண்டு ஆளு, கண்ணு தெரியாதவர். எனோஷிமா தீவுல கல்லு தடுக்கி விழுந்தப்ப மூங்கில் குழாய்க்குள்ள பைன் இலை ஒண்ணு இருந்து கையில குத்திச்சு, அதுல இருந்துதான் ஐடியா வந்துச்சுன்னு கதை. கதையோ நெசமோ, எனக்குப் புடிச்சிருக்கு.

சீனாவோட பழைய நூல்கள்படி உடம்புல சீங்குற சக்தி பன்னெண்டு முக்கியப் பாதையில ஓடுது, அடைச்ச எடத்துல குத்தினா தெறந்துக்கும். அறுத்துப் பாத்தா அப்படி ஒரு பாதையும் கெடையாது. ஆனா நரம்பு இருக்கு, ஊசி பட்டா மூளை வலியக் கொறைக்குற எண்டார்பின் விடுது, 1977லயே எண்டார்பினை முடக்குற நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்துப் பாத்தாங்க, அக்குபஞ்சரால கொறைஞ்ச வலி திரும்ப வந்துச்சு. அப்ப வெறும் மனப்பிராந்தி இல்லையேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போதே ஜெர்மனிக்காரங்க 2007ல ஒரு குண்டைப் போட்டாங்க. முதுகுவலி உள்ள 1162 பேரு, ஒரு குரூப்புக்கு முறைப்படி ஊசி, இன்னொண்ணுக்கு அக்குபஞ்சர் புள்ளி இல்லாத எடத்துல மேலாப்புல ஊசி, மூணாவதுக்கு வழக்கமான மருந்து, உடற்பயிற்சி. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா முறைப்படி குத்தினதுல 47.6 சதவீதம் பேருக்கு தேவல, சும்மா குத்தினதுல 44.2, வழக்கமான வைத்தியத்துல வெறும் 27.4.

இந்த நம்பரை ரெண்டு பக்கமும் தங்களுக்கு சாதகமா இழுத்துக்கிறாங்க. எனக்குப் பட்டது என்னன்னா, எந்தப் புள்ளியில குத்துறாங்கங்குறது அவ்ளோ முக்கியம் இல்ல, ஆனா குத்துறதும், அரை மணி நேரம் ஒருத்தர் நம்மளையே கவனிக்கிறதும், நாம செல்போன் இல்லாம அசையாம படுத்துக் கெடக்குறதும் சேர்ந்து ஏதோ பண்ணுது. அது எனக்குப் போதும். வலிக்கு மட்டும்.

மூலிகை வேற கதை, அது மருந்தேதான். சீன விஞ்ஞானி ட்டூ யூயூ அம்மா பழைய சீன வைத்தியக் குறிப்புல பச்சையா ஊறவச்சுப் பிழிஞ்சு குடின்னு இருந்ததப் பாத்து, கொதிக்க வச்சா சத்து போயிருமோன்னு யோசிச்சு கம்மி சூட்டுல எடுத்ததுதான் மலேரியாவுக்கான ஆர்டிமிசினின், 2015ல நோபல். அதே சீன மூலிகை வைத்தியம்தான் 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல எடை குறைக்குற மாத்திரையில ஒரு மூலிகைக்குப் பதிலா வேற ஒண்ணு மாறிப்போயி நூத்துக்கும் மேல பொம்பளைங்க கிட்னியக் கெடுத்துச்சு. நேச்சுரல்னா சைடு எபெக்ட் இல்லைன்னு சொல்றவங்க கிட்ட நான் வாதாடுறதே இல்ல, இத மட்டும் சொல்லிட்டு வந்துருவேன்.

அதனால சித்தப்பா, முட்டிக்கு ஊசி போட்டுக்கங்க, தப்பில்ல. ஊசி சீல் போட்ட பாக்கெட்ல இருந்து உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறாங்களான்னு பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறீங்கன்னா மொதல்லயே சொல்லிருங்க, டான்ஷென்னு ஒரு வேரு வார்ஃபரின்ங்குற அந்த மாதிரி மாத்திரையோட சேந்தா ரத்தம் நிக்காம போகலாம், கப்பிங்கும் அவங்களுக்கு வேணாம். ஊசியில கரண்ட் விடுறேன்னு சொன்னா பேஸ்மேக்கர் வச்சவங்க எந்திரிச்சு வந்துரணும். நம்ம ஊர்ல இப்ப ஊசியே இல்லாம ஒத்த விரலால தொட்டுட்டு, இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்க கிட்ட மட்டும் போயிராதீங்க. சுகர் மாத்திரை எப்பவும் போல காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கங்க, சித்திகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.