கிழிந்த கூரையும் பீரோவில் இருந்த ஒரு மீட்டர் ஷீட்டும்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு பசுமைக்குடில்கள் இருக்கின்றன. மேட்டில் உள்ளதில் கார்னேஷன் பூ, பள்ளத்தில் உள்ளதில் குடமிளகாய். இரண்டுக்கும் ஒரே வாரத்தில், ஒரே உருளையிலிருந்து வெட்டிய 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தினோம். விற்றவர் மூன்று வருட உத்தரவாத அட்டை கொடுத்திருந்தார். இரண்டாவது ஐப்பசி மழையில், பெருங்காற்று என்று சொல்ல ஒன்றுமில்லாத ஓர் இரவில், குடமிளகாய்க் குடிலின் கூரை முகட்டிலிருந்து ஓரம் வரை கிழிந்துபோனது. காலையில் தொங்கிக்கொண்டிருந்த துண்டை எடுத்து மடக்கினேன். அப்பளம் போல ஒடிந்தது.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கந்தகம் போட்டீங்களா சார்?" என்பதுதான். பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் போடாமல் குடமிளகாய் வளர்க்கிறவர் யார் இருக்கிறார்கள்? ஊட்டியில் வழக்கறிஞராக இருக்கும் உறவினரிடம் யோசனை கேட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதித்துப் பார்க்காமல் பொருளின் குறையைத் தீர்மானிக்க முடியாது என்ற நிலை வந்தால், நுகர்வோர் ஆணையமே மாதிரியை வாங்கி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கும் என்று அவர் விளக்கினார். ஆனால் வழக்குக்கு முன்பு உண்மை என்னவென்று நீயே தெரிந்துகொள், கிழிந்த ஷீட்டை ஒரேயடியாக யாரிடமும் கொடுத்துவிடாதே என்றும் சொன்னார். அந்த இரண்டாவது அறிவுரைதான் எனக்குப் பெரிதும் உதவியது.

சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கப்பட்ட, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் (CIPET) வெளியாருக்கும் கட்டணத்துக்குச் சோதனை செய்து தருவார்கள் என்று தெரிந்தது. தொலைபேசியில் பேசிய அலுவலர் என்னிடம் கேட்டது: "பயன்படுத்தாத ஷீட் ஏதாவது கைவசம் இருக்கிறதா?" புதியது எப்படி இருந்தது என்று தெரியாமல், பழையது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உருளையின் மிச்சம் ஒரு மீட்டரை என் மனைவி பீரோவுக்குள், துணிகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். மழைக்கு விறகை மூட வைத்தது அது. இந்த அனுபவத்தில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு மீட்டர்தான்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு முழு நாள் ஆயிற்று. கூரையின் நடுப்பகுதி, இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த பட்டை, நிழல்வலைக்குக் கீழே இருந்த பகுதி என்று தனித்தனியாக வெட்டி, உருளை ஓடிய திசையை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியிட்டுக் காட்டி, தேதியும் இடமும் எழுதிக் கறுப்புக் காகிதத்தில் சுற்றினேன். தூசியைத் துடைக்கக்கூடாது என்றார்கள். மேலே படிந்திருக்கும் மருந்தும் சாட்சிதானாம். கார்னேஷன் குடிலின் கூரையிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும் என்று அவர் கேட்டது எனக்கு அப்போது வீண் வேலையாகப் பட்டது. நல்ல கூரையில் ஓட்டை போட யாருக்குத்தான் மனம் வரும்? எப்படியோ போட்டு, ஒட்டுப்பட்டையால் அடைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

சோதனைக்கூடத்தில் நான் நேரில் பார்த்தது இழுவைச் சோதனை மட்டுமே. 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பட்டைகளை முதலில் பழக வைத்து, தடிமனைப் பல இடங்களில் அளந்து, இரு முனைகளையும் இயந்திரத்தின் தாடைகளில் கவ்வ வைத்து இழுத்தார்கள். பீரோத் துண்டு, மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே, தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்ட பிறகுதான் அறுந்தது. குழாயைத் தொட்டிருந்த பட்டை, இயந்திரம் நகரத் தொடங்கியதும் 'டக்' என்று போய்விட்டது. பாலித்தீன் முதுமையடையும்போது வலிமையை விட நீட்சிதான் முதலில் சரியும் என்பதால், புதியதன் நீட்சியில் பாதிக்குக் கீழே இறங்கிய ஷீட்டை ஆயுள் முடிந்ததாகக் கொள்வது இத்துறை வழக்கம்.

காத்திருந்த நேரத்தில், கார்னேஷன் கட்டுகிற ரப்பர் வளையங்களும் எங்கள் மலையில் இப்படித்தான் வெடிக்கின்றன என்று அந்த அலுவலரிடம் சொன்னேன். பெட்டியில் கிடப்பவை நன்றாகவே இருக்க, ஆணியில் இழுத்து மாட்டியவை மட்டும் இழுப்புக்குக் குறுக்கே வரிவரியாக விரிசல் விடுவதைப் பல முறை கவனித்திருக்கிறேன். அது வேறு நோய் என்றார். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டுகிறது. இழுப்பில் இருந்தால்தான் வெட்டு விரிசலாகத் திறக்கும். அதனால்தான் சோதனைக்கூடத்திலும் ரப்பரை 20 சதவீதம் போல இழுத்து மாட்டி, 40 டிகிரியில் ஓசோன் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பாலித்தீனின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. அதன் எமன் புற ஊதாக் கதிர்.

அறிக்கை வந்த பிறகு அவர் தொலைபேசியிலேயே விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன். தயாரிப்பின்போது ஷீட்டில் தங்கிவிடும் நுண்ணிய அசுத்தங்கள் புற ஊதாவை உறிஞ்சித் தனி உறுப்புகளை (free radicals), அதாவது எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துணுக்குகளைப் பிறப்பிக்கின்றன. அவை ஆக்சிஜனோடு சேர்ந்து நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குகின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பதால், சுமார் 1,800 மீட்டரில் இருக்கும் எங்கள் ஊரில் குளிர்கிறதே என்று ஷீட்டுக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. இந்தச் சிதைவைத் தடுக்கக் கலக்கப்படும் அமீன் வகை நிலைநிறுத்திகள் தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கிவிட்டு, தாமும் மீண்டும் பழைய நிலைக்கு வந்து அடுத்ததைப் பிடிக்கும். அவற்றுக்குக் காரத் தன்மை உண்டு. கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலம் பட்டால் அவை கட்டுண்டு செயலற்றுப்போகின்றன.

குடமிளகாய்க் கூரையில் கந்தகம் உத்தரவாத வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரே உருளையில் பிறந்த கார்னேஷன் கூரையிலோ, கந்தகமே படாத அந்தக் குடிலில், நீட்சி பெரும்பாலும் மிஞ்சியிருந்தது; குழாய் தொட்ட இடங்களில் மட்டும் குறைந்திருந்தது. வெயிலில் இரும்பு சுடச் சுட அங்கே சிதைவு வேகமெடுக்கிறது. ஷீட் தரமானதுதான், விற்பனையாளர் கேட்டதும் சரியான கேள்விதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. ஆனால் அந்த வரம்பு, அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் கடுகளவு எழுத்தில் இருந்தது. விற்கும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதையும் அறிக்கையையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வழக்குக்குப் போகவில்லை. புதிய ஷீட்டை விலை குறைத்துக் கொடுத்தார்.

புற ஊதா விளக்குப் பெட்டிச் சோதனையையும் கேட்டுப் பார்த்தேன். 60 டிகிரியில் எட்டு மணி நேரம் விளக்கு, 50 டிகிரியில் நான்கு மணி நேரம் பனி போல ஷீட்டின் மேல் நீர் படிய வைப்பது என்று மாறி மாறி ஓடும் அது. அதன் இத்தனை மணி நேரம் நம் ஊரின் இத்தனை வருடம் என்று கணக்குப் போட முடியாது, இரண்டு ஷீட்டுகளை ஒப்பிடத்தான் உதவும் என்றார்கள். எனக்கு ஒப்பிட வேறு ஷீட் இல்லாததால் அந்தச் செலவை விட்டுவிட்டேன்.

இப்போது குடமிளகாய்க் குடிலில் குழாய்களின் மேல்பக்கத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறோம். இரவில் கந்தகம் புகைப்பதை நிறுத்திவிட்டு, தெளிக்கிற மருந்தைத் தேதியோடு நோட்டில் எழுதுகிறோம். அமிலத்துக்கு அவ்வளவாக மசியாத வேறு வகை நிலைநிறுத்தி போட்ட ஷீட்டைக் கேட்டு வாங்கினோம். மாதத்துக்கு ஒரு முறை கூரையின் ஓரத்திலிருந்து விரல் அகலப் பட்டை ஒன்றை வெட்டிக் கையால் இழுத்துப் பார்க்கிறேன்; இதுவரை நீள்கிறது. பீரோவில் ஒரு மீட்டர் இருக்கிறது, இந்த முறை அதன் மேல் விலைச்சீட்டும் ஒட்டியிருக்கிறது.